டிஸ்க் ரவுட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை: வீட்டு ஃபைல் பகிர்வுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ரவுட்டரின் பின்பக்கம் இருக்கும் யு.எஸ்.பி. போர்ட்டில் ஒரு ஹார்டு டிஸ்கை மாட்டிவிட்டால் வீட்டில் உள்ள லேப்டாப், போன், டி.வி. எல்லாம் அதிலிருந்தே படமும் ஆவணமும் எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோனால்தான் "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் பார்த்துச் சரிசெய்ததில் திரும்பத் திரும்ப வரும் புகார்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ரவுட்டரில் மாட்டிய டிஸ்க், கம்ப்யூட்டரில் பகிர்ந்த ஃபோல்டர், தனியாக வாங்கி வைத்த நாஸ் பெட்டி (வலையில் நேரடியாக மாட்டும் டிஸ்க் பெட்டி) என்று மூன்றுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. இந்தக் கோளாறுகளுக்குத் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் செய், பாஸ்வேர்டை எடுத்துவிடு, 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடு. எஸ்.எம்.பி. என்பது கருவிகள் வலை வழியாக ஃபைல் பகிரப் பேசும் மொழி, 1 அதன் பழைய பதிப்பு, 445 அந்தப் பேச்சு நடக்கும் வாசலின் எண். மூன்றுமே வேலை செய்யும். பூட்டைக் கழற்றி எறிந்தால் கதவு திறக்கத்தானே செய்யும்! அவற்றுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதையும் தொடும் முன் மூன்று சோதனை

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களில் வந்துவிடும். இல்லையென்றால் அடியில் ஒட்டிய லேபிளில் முகவரி இருக்கும். யு.எஸ்.பி. அல்லது ஸ்டோரேஜ் என்ற பகுதியில் டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் பயனில்லை.

இன்னொரு கருவியில் முயன்று பாருங்கள். போனில் திறக்கிறது, லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால் ரவுட்டரைக் குறைசொல்ல வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டு எண்ணால் கூப்பிடுங்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். உங்கள் ரவுட்டரின் எண் வேறு என்றால் அதைப் போடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. ஐபோனில் ஃபைல்ஸ் செயலியின் மூன்று புள்ளி மெனுவில் அதே பெயரில் இருக்கும்.

இந்த மூன்றுக்கும் கிடைத்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: ரவுட்டரின் பக்கத்திலேயே டிஸ்க் தெரியவில்லை

முதலில் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண பென் டிரைவைச் செருகுங்கள்.

பென் டிரைவும் தெரியவில்லை. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். செட்டிங்ஸில் யு.எஸ்.பி. பகிர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ரவுட்டர்களில் அந்தப் போர்ட் பிரிண்டருக்கோ 4ஜி டாங்கிளுக்கோ என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதை ஸ்டோரேஜுக்கு மாற்ற வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, புதுப்பியுங்கள். அப்புறமும் இல்லையென்றால் போர்ட் போய்விட்டது. ஒரு போர்ட்டுக்காக ரவுட்டரைப் பிரித்துப் பழுதுபார்ப்பது வீண்வேலை. வாரண்டி இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து பகிருங்கள்.

பென் டிரைவ் தெரிகிறது, டிஸ்க் தெரியவில்லை. மூன்று சந்தேகம்.

ஒன்று, ஃபார்மேட். ஃபேட்32-ஐ எல்லா ரவுட்டரும் படிக்கும், என்.டி.எஃப்.எஸ்.-ஐப் பெரும்பாலானவை படிக்கும். எக்ஸ்ஃபேட் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். மேக்கின் ஏ.பி.எஃப்.எஸ்.-உம் பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்கும் அங்கே திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபார்மேட்டை மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், எனவே முதலில் நகல்.

இரண்டு, மின்சாரம். இதைக் காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். டிஸ்கின் விளக்கு எரியும், தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய 'விர்ர்' கேட்கும், உடனே 'டிக்' என்று நின்றுபோகும், மறுபடி 'விர்ர்'. ரவுட்டர் தரும் கரண்ட் சுழலத் தொடங்கவே போதவில்லை என்று அர்த்தம். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900, சிறிய டிஸ்க்கூடத் தொடக்கத்தில் அதைத் தாண்டி இழுக்கும். முதலில் நீளமான கேபிளை மாற்றிக் குட்டையானதைப் போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் தனி அடாப்டரோடு வரும் யு.எஸ்.பி. ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்குக்கு எப்படியும் தனி அடாப்டர் வேண்டும்.

மூன்றாவது, டிஸ்கே கெட்டிருப்பது. அதே 'டிக் டிக்' கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டியபோதும் கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப மாட்டிப் பார்ப்பது உள்ளே இருப்பதைச் சுரண்டுவதற்குச் சமம். முக்கியமான தரவு என்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். ஃபிரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியமெல்லாம் வேண்டாம்.

## அறிகுறி 2: ரவுட்டரில் தெரிகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை

வரும் புகார்களில் அதிகம் இதுதான். எண்ணால் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்பதை வைத்துப் பாதை பிரிகிறது.

### 2அ: எண் கொடுத்தால் திறக்கிறது, நெட்வொர்க் பட்டியலில்தான் இல்லை

அப்படியானால் கோளாறே இல்லை. அந்தப் பட்டியல் நிரம்பும் முறை மாறிவிட்டது, அவ்வளவுதான். பழைய முறை எஸ்.எம்.பி. 1-ஐ நம்பியிருந்தது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, அதாவது 2017 கடைசியிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸில் அது வருவதில்லை. புதிய முறையில் தன்னை அறிவித்துக்கொள்ளப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. பட்டியலில் வரவழைக்கிறேன் என்று மெனக்கெடாதீர்கள். 'திஸ் பி.சி.'யில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்து, ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணோடு ஃபோல்டர் பெயரையும் சேர்த்துப் போட்டால் இனி அது ஒரு டிரைவாகவே நிற்கும்.

### 2ஆ: எண் கொடுத்தும் திறக்கவில்லை

80070035 என்று முடியும் பிழை எண்ணோடு 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்று வரும். வரிசையாகப் பாருங்கள்.

கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா? விருந்தாளிகளுக்கென்று வைத்த வைஃபை, வீட்டுக் கருவிகளை எட்டாதபடி தடுக்கவே இருக்கிறது. அது சரியாக வேலை செய்கிறது. முதன்மை வைஃபைக்கு மாறுங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் 'ஏ.பி. ஐசோலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்ற, கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று மறைக்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இரண்டு ரவுட்டரா? இணைய நிறுவனம் வைத்த பெட்டி ஒன்று, அதன் பின்னால் நீங்கள் வாங்கிப் போட்டது இன்னொன்று. இரண்டுமே வைஃபை கொடுக்கும். டிஸ்க் உள் ரவுட்டரில், லேப்டாப் வெளிப் பெட்டியின் வைஃபையில். வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. லேப்டாப்பின் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். டிஸ்க் 192.168.0 என்று தொடங்கும் வலையில் இருக்க, லேப்டாப் 192.168.1 என்று காட்டினால் இதுதான் காரணம். வெளிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுவது எளிய தீர்வு.

விண்டோஸ் இந்த வைஃபையை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது? 'பப்ளிக்' என்று இருந்தால் நெட்வொர்க் டிஸ்கவரியும் பகிர்வும் மூடியிருக்கும். ஃபோல்டரைப் பகிர்ந்திருப்பது இன்னொரு கம்ப்யூட்டர் என்றால் அங்கே இந்த ஒன்றே போதும், கதவு அடைந்துவிடும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு 'பிரைவேட்' ஆக்குங்கள். வீட்டு வைஃபைக்கு மட்டும்தான். ரயில் நிலைய வைஃபைக்கு இதைச் செய்யாதீர்கள்.

அலுவலக வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) ஓடுகிறதா? பல அலுவலக வி.பி.என்.கள் உள்வீட்டு வலையைத் துண்டித்துவிடும். வி.பி.என்.-ஐ நிறுத்திவிட்டு முயலுங்கள். அலுவலக லேப்டாப்பில் அதைச் சுற்றிப் போக வழி தேட வேண்டாம், அது அவர்கள் உரிமை.

வேறு ஆன்டிவைரஸ் இருக்கிறதா? அதன் ஃபயர்வாலுக்கு வீட்டு வலை நம்பகமானது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். சோதிக்க ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

போனிலும் மேக்கிலும்: 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14-இலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி தனியாக வேண்டும். மேக்கில் 2024-இன் செக்கோயாவிலிருந்து அதே கதை. முதல்முறை கேட்டபோது அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். பிரைவசி செட்டிங்ஸில் போய் மாற்றுங்கள்.

### 2இ: 'எஸ்.எம்.பி. 1 தேவை, அது பாதுகாப்பற்றது' என்று விண்டோஸே சொல்கிறது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து எஸ்.எம்.பி. 1-க்கு டிக் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரல் பரவியது இந்தப் பழைய எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது உண்மைதான். ஆனாலும் செய்திகளை மறைக்காத, நடுவில் ஒருவர் புகுந்து மாற்றினாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு மொழியில் உங்கள் ஃபைல்களைப் பேசவைக்க எந்தக் காரணமும் இல்லை.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

- ரவுட்டரின் ஸ்டோரேஜ் பகுதியில் எஸ்.எம்.பி. பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா பாருங்கள். 2 அல்லது 3 இருந்தால் அதை வையுங்கள்.
- இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய ஃபர்ம்வேரைப் போடுங்கள். எஸ்.எம்.பி. 2 பல பழைய ரவுட்டர்களுக்கு ஒரு ஃபர்ம்வேர் வழியாகத்தான் வந்தது.
- அதுவும் இல்லையா? டிஸ்கை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து பகிருங்கள். ரவுட்டர் வலையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.
- கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட முடியாது என்றால் சிறிய நாஸ் பெட்டி அல்லது புதிய ரவுட்டர். எஸ்.எம்.பி. 1-ஐ மட்டுமே பேசும் ரவுட்டருக்கு வயதாகிவிட்டது. வேறு பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு நின்றுபோயிருக்க நிறைய வாய்ப்பு.

## அறிகுறி 3: பெயர், பாஸ்வேர்டு கேட்கிறது; எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை

எந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள்? வைஃபை பாஸ்வேர்டு ஒன்று, ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு இன்னொன்று, டிஸ்கைத் திறக்க மூன்றாவது ஒன்று இருக்கலாம். ஸ்டோரேஜ் பகுதியில் யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அட்மின் பெயரையே டிஸ்குக்கும் வைத்திருந்தால் இப்போதே தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். டி.வி.யில் பதிந்து வைக்கும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஃபோல்டரா? தினமும் திறக்கும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டரின் விசைப்பலகைக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரியும் அதன் உண்மையான பாஸ்வேர்டும் வேண்டும். அது பலருக்கு மறந்தே போயிருக்கும். பகிர்வுக்கு மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கிவிடுவது சுலபம்.

பாஸ்வேர்டை அண்மையில் மாற்றினீர்களா? விண்டோஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, அந்த ஐ.பி. எண்ணுக்கு நேரே இருப்பதை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். 1219 என்ற பிழை எண் வந்தாலும் இதே மருந்து: ஒரே இடத்துக்கு இரண்டு பெயரில் நுழைய விண்டோஸ் விடாது.

பெயரை இப்படி அடித்துப் பாருங்கள்: ஐ.பி. எண், பின்சாய்வுக்கோடு, பிறகு பயனர் பெயர். சில நேரம் விண்டோஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டர் பெயரை முன்னால் ஒட்டி அனுப்பிக் குழப்பும்.

### 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது' என்று வருகிறது

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம் என்று கேட்காதவர் இல்லை. அது விண்டோஸின் பொதுவான வசனம். உங்கள் டிஸ்க் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடக்கிறது, அப்படிப்பட்ட இடத்துக்குள் போக மாட்டேன் என்று சொல்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புரோ வகைக்கும் இது நடைமுறைக்கு வந்ததால், "நேற்றுவரை ஓடியது, அப்டேட் வந்தது, போச்சு" என்ற புகார் நிறைய. பாலிசி எடிட்டரில் போய்த் தடையை எடுக்கச் சொல்லும் ஆலோசனையை ஒதுக்கிவிட்டு, ரவுட்டரில் கெஸ்ட் அணுகலை மூடி ஒரு பயனரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். இரண்டு நிமிட வேலை, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் தீரும்.

## அறிகுறி 4: பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லை

பயனருக்குப் படிக்க மட்டும் அனுமதி இருக்கலாம், ரவுட்டரில் திருத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டர் என்றால் 'ஷேரிங்' என்று ஓர் அனுமதி, 'செக்யூரிட்டி' என்று ஓர் அனுமதி, இரண்டு அடுக்கு. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நிற்கும். ஒன்றை மட்டும் தளர்த்திவிட்டு ஏன் நடக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். தளர்த்தும்போது 'எவ்ரிஒன்' என்பதைச் சேர்க்காமல் அந்தப் பயனரின் பெயரைச் சேருங்கள்.

சின்ன ஃபைல் போகிறது, பெரிய வீடியோ மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் டிஸ்க் ஃபேட்32. அதில் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தொட முடியாது. எத்தனை இடம் காலி இருந்தாலும் 'இடமில்லை' என்பதுபோலச் சொல்லும்.

முன்பு எழுத முடிந்தது, திடீரென நின்றது என்றால் மின்சாரம் போயிருக்கும் அல்லது யாரோ டிஸ்கைச் சட்டென்று பிடுங்கியிருப்பார்கள். என்.டி.எஃப்.எஸ்.-இல் 'சரியாக மூடப்படவில்லை' என்ற குறி விழுந்துவிட்டால் பல ரவுட்டர்கள் அதைப் படிக்க மட்டும் திறக்கும். விண்டோஸில் நேரடியாக மாட்டி, டிரைவின் பிராப்பர்ட்டீஸில் 'டூல்ஸ்' பகுதியில் 'செக்' கொடுங்கள். முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்து எடுங்கள். இது மாதம் ஒருமுறை திரும்பினால் டிஸ்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள்: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் உடனே நகல் எடுத்துவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள்.

## அறிகுறி 5: மின்சாரம் போய் வந்தது, பகிர்வைக் காணோம்

ரவுட்டர் கருவிகளுக்குப் புதிதாக எண் பங்கிட்டதில் உங்கள் நாஸுக்கோ கம்ப்யூட்டருக்கோ வேறு எண் போயிருக்கும். ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் அந்தக் கருவிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. கம்ப்யூட்டரிலேயே கையால் எண் போடுவதைவிட இது மேல். லேப்டாப் வேறு வைஃபைக்குப் போனால் தடுமாறாது.

கருவியின் எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். கம்ப்யூட்டர் தூங்கப் போயிருப்பதும் இதே அறிகுறியைத்தான் காட்டும். சார்ஜரில் இருக்கும்போது 'ஸ்லீப்' வேண்டாம் என்று வையுங்கள்.

## அறிகுறி 6: எல்லாம் திறக்கிறது, ஆமை வேகம்

வேகத்தைக் கேபிளில் அளவிடுங்கள், வைஃபையில் அல்ல. ஒரே பெரிய ஃபைலை நகலெடுத்து, விண்டோஸ் காட்டும் எண்ணைப் பாருங்கள்.

வினாடிக்கு 11, 12 மெகாபைட்டில் கோடு போட்டாற்போல் நிற்கிறது. எங்கோ 100 மெகாபிட் இணைப்பு. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றுங்கள். ரவுட்டரின் போர்ட்டே 100 என்றால் அவ்வளவுதான் கிடைக்கும்.

20 முதல் 35 வரை. யு.எஸ்.பி. 2.0 போர்ட் அல்லது ரவுட்டரின் குட்டிப் பிராசஸர். இதை அமைப்பை மாற்றி வெல்ல முடியாது. குடும்பப் படங்களுக்கும் சினிமாவுக்கும் இதுவே தாராளம், விட்டுவிடுங்கள்.

கேபிளில் நன்றாக இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் மோசம். யு.எஸ்.பி. 3.0 அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டது. டிஸ்கை ஆன்டெனாவை விட்டுத் தள்ளி வையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை நகலெடுக்கும்போது எந்த அமைப்பும் மெதுவாகத்தான் இருக்கும். ஜிப் செய்து அனுப்புங்கள்.

## அறிகுறி 7: வீட்டில் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை

இதற்கு மேல் படிக்கும் முன் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து 445, 139, 21 ஆகிய எண்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். முதல் இரண்டும் விண்டோஸ் பகிர்வு, மூன்றாவது எஃப்.டி.பி. என்ற பழைய ஃபைல் பரிமாற்ற முறை. வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டியவற்றை உலகத்துக்கே திறந்துவைத்த வாசல்கள் இவை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 2014 பிப்ரவரியில் ஆசஸ் ரவுட்டர்களில் மாட்டிய டிஸ்குகளுக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். மாட்டிக்கொண்டவை 12,900-க்கும் மேல். பலருடைய டிஸ்கில், உங்கள் ஆவணங்களை உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எச்சரிக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடந்தது. அமைக்கும்போது ரவுட்டர் முன்வைத்த இயல்புத் தேர்வே பாஸ்வேர்டு இல்லாத எஃப்.டி.பி. அணுகலாக இருந்தது ஒரு காரணம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கு 2016-இல் சமரசமாக முடிந்தது. ரவுட்டர் 'பரிந்துரைக்கிறது' என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, வெளியிலிருந்து எடுக்க என்ன வழி? ரவுட்டரிலேயே வி.பி.என். சர்வர் இருந்தால் ஆன் செய்யுங்கள். வி.பி.என். வகைகளில் வயர்கார்டு இருந்தால் அது, இல்லையென்றால் ஓப்பன்வி.பி.என். போனில் அதைப் போட்டு இணைத்ததும் நீங்கள் வீட்டுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். அதன்பின் அதே \\192.168 எண்தான். பழைய பி.பி.டி.பி. வகை மட்டும் இருக்கிறது என்றால் பயன்படுத்தாதீர்கள்.

### 7அ: வி.பி.என். இணையவே இல்லை

எங்கிருந்து சோதிக்கிறீர்கள்? வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு வெளி முகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் திருப்பி அனுப்பாது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

வெளி முகவரி மாறிவிட்டதா? வீட்டு இணைப்புகளின் எண் மாறிக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் டி.டி.என்.எஸ். அமைத்து, எண்ணுக்குப் பதில் பெயரால் கூப்பிடுங்கள்.

ரவுட்டரின் கடிகாரம்? மின்சாரம் போனால் பல ரவுட்டர்கள் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தவறென்றால் ஓப்பன்வி.பி.என். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள்.

ரவுட்டரின் வான் எண், அதாவது இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்த எண், என்ன? எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இது. ரவுட்டரின் முகப்பில் காட்டும் வான் ஐ.பி.யையும், உங்கள் ஐ.பி. என்ன என்று சொல்லும் தளம் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நல்லது. வேறு என்றால்:

- வான் எண் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அதைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது இணைப்பை மட்டும் கடத்திவிடும் முறைக்கு, மாற்றும்படி இணைய நிறுவனத்திடம் சொல்லுங்கள், அல்லது வி.பி.என். போர்ட்டை மட்டும் அதிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு அனுப்புங்கள். வயர்கார்டுக்கு வழக்கமாக யு.டி.பி. 51820, ஓப்பன்வி.பி.என்.-க்கு யு.டி.பி. 1194.
- 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் இணைய நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ரவுட்டரில் நீங்கள் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவர் உங்களை எட்ட முடியாது. 10 என்று தொடங்கி, வீட்டில் இரண்டாவது பெட்டியே இல்லை என்றாலும் இதே கதைதான்.

இந்த இரண்டாவது நிலையில் முழு மாலையும் செட்டிங்ஸில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நிறுவனத்தைக் கூப்பிட்டு "பொது ஐ.பி. வேண்டும்" என்று கேளுங்கள், மாதாமாதம் கூடுதல் கட்டணம் கேட்கலாம். வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை, உள்ளிருந்து வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துவதால், இந்தத் தடையைத் தாண்டிவிடும். அதற்கு வீட்டில் எப்போதும் ஓடும் கம்ப்யூட்டரோ நாஸோ ஒன்று வேண்டும்.

### 7ஆ: வி.பி.என். இணைந்துவிட்டது, ஃபோல்டர்தான் திறக்கவில்லை

நீங்கள் இருக்கும் இடத்தின் வைஃபையும் வீட்டு வலையும் 192.168.1 என்றே தொடங்கினால் போன் குழம்பிவிடும். கூப்பிடும் எண் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்து வி.பி.என்.-க்குள் போகவே போகாது. வீட்டு வலையை யாரும் வைக்காத ஓர் எண்ணுக்கு, 192.168.57 என்பதுபோல், மாற்றிவிடுங்கள். ஒதுக்கி வைத்த எண்களையும் கூடவே மாற்ற வேண்டும்.

ஃபோல்டர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் ஃபயர்வால் இயல்பாக 'லோக்கல் சப்நெட்'டிலிருந்து, அதாவது அதே வலையிலிருந்து, வருபவர்களை மட்டுமே அனுமதிக்கும். வி.பி.என். உங்களுக்கு வேறு வரிசை எண் கொடுத்திருக்கும். ஃபயர்வாலின் 'ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்' விதியில் எஸ்.எம்.பி. உள்வரவுக்கு, 'ஸ்கோப்' பகுதியில் அந்த வி.பி.என். வரிசையை மட்டும் சேருங்கள். 'எனி' என்று போட வேண்டாம். வயர்கார்டு செயலியில் 'அலோவ்டு ஐ.பி.ஸ்' பகுதியில் வீட்டு வலை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

## அறிகுறி 8: தெரியாத ஃபைல்கள், பெயர் மாறிய ஃபைல்கள், பணம் கேட்டு ஒரு குறிப்பு

இதில் எளிய காரணம் தேடி நேரம் போக்க வேண்டாம். முதலில் ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், அப்புறம் டிஸ்கைக் கழற்றுங்கள். வீட்டில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலாவது அதே குறிப்பு வந்திருந்தால் கோளாறு அங்கிருந்து வந்திருக்கிறது. அதையும் வலையிலிருந்து விலக்குங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, டிஸ்கில் மட்டும் என்றால் வாசல் ரவுட்டர் பக்கம்.

கேபிள் இல்லாமலேயே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: போர்ட் ஃபார்வர்டிங், கருவிகள் கேட்டால் தானாகவே போர்ட் திறந்துவிடும் யு.பி.என்.பி. திறந்து வைத்த போர்ட்டுகளின் பட்டியல், எஃப்.டி.பி., வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, உற்பத்தியாளரின் கிளவுடு அணுகல். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். வேறு கம்ப்யூட்டரில் மொபைல் டேட்டா வழியாக இறக்கிய ஃபர்ம்வேரைப் போட்டு, அட்மின், வைஃபை, டிஸ்க் மூன்றுக்கும் புதிய, வெவ்வேறு பாஸ்வேர்டு வைத்து, யு.பி.என்.பி.யையும், பொத்தானைத் தட்டி வைஃபையில் சேரவிடும் டபிள்யூ.பி.எஸ்.-ஐயும் அணைத்த பிறகே கேபிளைத் திரும்பச் செருகுங்கள்.

டிஸ்கில் இருப்பதற்கு வேறெங்கும் நகல் இல்லையென்றால் இங்கேதான் தொழில்முறை ஆளைக் கூப்பிட வேண்டும். அவரிடம் நீங்கள் எடுத்த படங்கள், அந்தக் குறிப்பு, ரவுட்டரின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு எல்லாவற்றையும் கொடுங்கள். வணிக ஆவணங்களோ பிறருடைய தகவல்களோ உள்ளே இருந்தால் சைபர் குற்றப் பிரிவில் புகாரும் கொடுங்கள். பணம் கட்டாதீர்கள். கட்டியவர்கள் எல்லோருக்குமே ஃபைல் திரும்பக் கிடைத்துவிடவில்லை.

பூட்டப்பட்ட டிஸ்கை ஃபார்மேட் செய்யாமல் தனியாக எடுத்து வையுங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டப்பட்ட ஃபைலில் ஒன்றிரண்டையும் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். சாவி கிடைத்திருந்தால் இலவசமாகத் தரும். இன்று இல்லாத சாவி சில மாதம் கழித்து வருவதும் உண்டு, அதனால் டிஸ்கின் மேல் தேதியையும் 'தொடாதே' என்றும் எழுதி ஒட்டி வையுங்கள்.